துணிக்கடைப் பாட்டும் ஆண்டிபட்டிக்காரப் பிள்ளையும்

போன ஆடியில அம்மாவுக்குச் சுங்குடிச் சேலை எடுக்கணும்னு மதுரை தெற்குமாசி வீதிப் பக்கம் ஒரு பெரிய துணிக்கடைக்குக் கூட்டிட்டுப் போனேன். அன்னைக்கு வீதியில கால் வைக்க இடமில்ல, எங்குட்டுத் திரும்புனாலும் தள்ளுபடி போர்டு, கட்டப்பையோட ஜனம், கரும்பு ஜூஸ் வண்டி, அதுக்கு மேல ஒவ்வொரு கடை வாசல்லயும் ஸ்பீக்கர், ஒரு கடைப் பாட்டு முடியுறதுக்குள்ள அடுத்த கடைப் பாட்டு மேல வந்து விழுது. அம்மாவுக்கு 71 வயசு. காது மிஷின் வச்சு ஒரு வருசம்தான் ஆகுது. உள்ள ஏசியில போனா கொஞ்சம் அமைதியா இருக்கும்னு நெனச்சேன், உள்ள வெளிய விட ஜாஸ்தி.

கவுன்ட்டர்ல நின்ன பிள்ளை நல்லா மரியாதையா நாலஞ்சு சேலை எடுத்து விரிச்சுப் போட்டுச்சு. அம்மா ஒன்னத் தொட்டுப் பாத்து "என்ன விலை தாயி"ன்னு கேட்டாங்க. அது சொல்லுச்சு. அம்மாவுக்குக் கேக்கல. திரும்பக் கேட்டாங்க, அது குனிஞ்சு சத்தமாச் சொல்லுச்சு, அப்பவும் கேக்கல, மூணாவது தடவை அந்தப் பிள்ளை கழுத்து நரம்பு தெரியக் கத்துச்சு, பக்கத்துல நின்ன ரெண்டு பேரு திரும்பிப் பாத்தாங்க. அம்மா மூஞ்சி சுருங்கிப்போச்சு. "எதையாச்சும் நீயே எடுத்துட்டு வாடி"ன்னு சொல்லிட்டு வாசப்படியில போய் உக்காந்துட்டாங்க. நான் பில் போட்டுட்டு வந்து பாக்குறேன், மிஷினக் கழட்டிக் கையில வச்சுக்கிட்டு இருக்காங்க. "காதுக்குள்ள மிக்சி ஓடுற மாதிரி இருக்குடி"ன்னாங்க. நாப்பது வருசமா விலை பேசியே சேலை எடுத்த மனுஷி எங்கம்மா. அன்னைக்கு விலையே தெரியாம ஒரு சேலை வீட்டுக்கு வந்துச்சு.

வயசாகிக் காது மந்தமாகும்போது முதல்ல போறது கீச்சு சத்தங்கதான். பேச்சுல ஆ, ஓ, ஊ எல்லாம் கேட்டுரும், இந்த ச, த, ப, ட மாதிரி எழுத்துங்கதான் தேஞ்சுபோயிரும். பத்துன்னு சொன்னாங்களா பட்டுன்னு சொன்னாங்களான்னு பிரிக்கிறது அந்த எழுத்துங்கதான். மிஷின் பேச்சையும் பெருசாக்கும், பின்னாடி ஓடுற டிரம்ஸையும் சேத்துப் பெருசாக்கும், ரெண்டையும் பிரிச்சு எடுக்கத் திணறும். அதனால அம்மா மாதிரி ஆளுங்களுக்குக் கடைப் பாட்டுங்கிறது ஒரு சுவரு மாதிரி. அந்தப் பக்கம் சேலை இருக்கு, விக்கிற பிள்ளை இருக்கு, இவங்க இந்தப் பக்கம் நிக்கிறாங்க.

இத எழுதணும்னு ரொம்ப நாளா மனசுல கெடந்துச்சு. நானும் அப்படி ஒரு கவுன்ட்டருக்குப் பின்னாடி அஞ்சு வருசம் நின்னவ. 2009ல இருந்து 2014 வரைக்கும். கடை பேரு வேணாம். அம்மா காதுக்கு ஒரு நாள்னா அந்தப் பிள்ளை காதுக்குத் தினமும் 12 மணி நேரம், அது எனக்குத் தெரியும்.

இடையில எங்க அண்ணன் மக எம்பிஏ ப்ராஜெக்ட்டுக்கு என்கிட்ட வந்து நின்னா. "அத்தை, கடையில பாட்டுப் போட்டா சேல்ஸ் ஏறுமா? நீங்க துணிக்கடையில இருந்தீங்கள்ல"ன்னு. அவ கையில ஒரு கத்தை ஆராய்ச்சிப் பேப்பர். ராத்திரி உக்காந்து ரெண்டு பேரும் படிச்சோம். படிக்கப் படிக்க எனக்கு என் பழைய கடை கண்ணு முன்னாடி வந்துருச்சு, எங்க முதலாளி இதெல்லாம் படிச்சிருக்க மாட்டாரு, ஆனா அனுபவத்துல அவரு செஞ்சதெல்லாம் இதுல அப்படியே இருக்கு.

ரொனால்ட் மிலிமன்னு ஒருத்தரு அமெரிக்காவுல ஒரு சூப்பர் மார்க்கெட்ல சோதிச்சுப் பாத்து 1982ல எழுதியிருக்காரு. சில நாள் மெதுவான இசை, சில நாள் வேகமான இசை, சில நாள் ஒன்னுமில்ல. பாடல் வரி இல்லாத வெறும் இசைதான். மெதுவான இசை ஓடுன நாள்ல ஜனங்க பைய நடந்திருக்காங்க, பைய நடந்ததால அலமாரியில நாலு சாமான் கூடக் கண்ணுல பட்டிருக்கு, வேகமா ஓடுன நாளை விட வியாபாரம் 38 சதவீதம் ஜாஸ்தி. அவரே 1986ல ஒரு ரெஸ்டாரண்ட்லயும் பாத்திருக்காரு. மெதுவான இசைன்னா ஜனம் சராசரியா 56 நிமிசம் உக்காந்திருக்கு, வேகமானதுன்னா 45 நிமிசம். சாப்பாட்டுச் செலவு ரெண்டுலயும் ஏறக்குறைய ஒன்னுதான், உக்காந்து குடிச்சதுலதான் காசு கூடியிருக்கு.

அப்ப எல்லாக் கடையும் மெதுவாப் போட வேண்டியதுதானேன்னு அண்ணன் மக கேட்டா. நான் சொன்னேன், நீ ஆடி மாசம் அந்தப் படிக்கட்டுல நின்னு பாரு. உள்ள இருக்குறவங்க வெளிய போனாத்தான் வெளிய இருக்குறவங்க உள்ள வர முடியும். அங்க ஒருத்தரு பைய நடந்தா பின்னாடி நிக்கிற அம்பது பேரு திரும்பிப் போயிருவாங்க. அதனால ஆடிக்கும் தீபாவளிக்கும் எங்க கடையில குத்துப்பாட்டு மட்டுந்தான், சத்தம் கடைசி வரைக்கும் திருகி வச்சிருக்கும். இதுக்கும் அந்தப் பேப்பர்ல பதில் இருந்துச்சு. 1966லயே ஸ்மித், கர்னோன்னு ரெண்டு பேரு சூப்பர் மார்க்கெட்ல சத்தத்தக் கூட்டிக் குறைச்சுப் பாத்திருக்காங்க. சத்தம் கூடுனா ஜனம் கடையில இருக்குற நேரம் குறையுது, விக்கிறது பெருசாக் குறையல. எங்க முதலாளிக்கு வேண்டியது அதேதான், சீக்கிரம் எடு, சீக்கிரம் பில் போடு, கிளம்பு.

முதல் மாடி பட்டுச் சேலை செக்‌ஷன் வேற உலகம். அங்க குத்துப்பாட்டு கிடையாது, நாதஸ்வரம் மட்டும், அதுவும் சன்னமா. மொத மாசம் எனக்கு அது புரியல, ஏதோ மரியாதைக்குப் போடுறாங்கன்னு நெனச்சேன். அப்புறம் ஒரு நாள் உசிலம்பட்டிப் பக்கமிருந்து ஒரு குடும்பம், அப்பா, அம்மா, கல்யாணப் பொண்ணு, கூட ரெண்டு சித்திங்க. அப்பா உக்காரும்போதே சொல்லிட்டாரு, எட்டாயிரத்துக்கு மேல காட்டாதத்தா, அவ்வளவுதான் கொண்டாந்திருக்கோம்னு. நாங்க எட்டாயிரத்துலதான் காட்டுனோம். சேலையப் பொண்ணு தோள்ல போட்டுக் கண்ணாடி முன்னாடி நிறுத்துன நேரம் பாத்து ஸ்பீக்கர்ல கெட்டிமேளம் வருது. அந்தம்மாவுக்குக் கண்ணுல தண்ணி. அப்பா ஒன்னும் பேசல, கொஞ்ச நேரம் மகளையே பாத்துக்கிட்டு இருந்தாரு, அப்புறம் "அந்த அடுத்த கட்டுல என்ன வெலை இருக்கு"ன்னு கேட்டாரு. பதிமூணாயிரம் சொச்சத்துல முடிஞ்சுச்சு. மிச்சக் காசுக்கு அவரு யாருக்கோ போன் பண்ணிக்கிட்டே கீழ இறங்குனது எனக்கு இன்னும் நெனப்புல இருக்கு.

இதே மாதிரி ஒன்னு 1997ல நேச்சர்ங்கிற அறிவியல் பத்திரிகையில வந்திருக்கு. இங்கிலாந்துல ஏட்ரியன் நார்த்தும் அவரோட ஆளுங்களும் சூப்பர் மார்க்கெட்ல ஒயின் அலமாரி பக்கம் ஒரு நாள் பிரெஞ்சு இசை, மறுநாள் ஜெர்மன் இசைன்னு மாத்தி மாத்திப் போட்டிருக்காங்க. பிரெஞ்சு இசை ஓடுனப்ப பிரெஞ்சு ஒயின் 40 பாட்டில், ஜெர்மன் ஒயின் 8. ஜெர்மன் இசை ஓடுனப்ப ஜெர்மன் 22, பிரெஞ்சு 12. வாங்குனவங்கள நிறுத்திக் கேட்டா, பாட்டுக்கும் நான் எடுத்ததுக்கும் சம்பந்தமே இல்லன்னு பெரும்பாலானவங்க சொல்லியிருக்காங்க. உசிலம்பட்டி அப்பாவக் கேட்டிருந்தாலும் அதான் சொல்லியிருப்பாரு. மகளுக்காக எடுத்தேம்பாரு. அதுவும் உண்மைதான். அந்தப் பாசம் பாட்டு குடுத்தது கிடையாது, அது அவரு வீட்டுல இருந்து கொண்டாந்தது. பாட்டு அத எந்த நேரத்துல வெளிய இழுக்கணும்னு மட்டும் பாத்துச்சு, அதான் எனக்கு இன்னைக்கும் உறுத்துது, அந்த விரிச்ச சேலைக்குப் பின்னாடி நின்னவ நான்.

இந்தப் பேப்பர் கத்தையில ஒன்னு எனக்குக் கண்ணுலயே படல. பில் தொகையக் கணக்குப் பண்ணியிருக்காங்க, நடந்த வேகத்த வாட்ச் வச்சு அளந்திருக்காங்க, எத்தனை பாட்டில்னு எண்ணியிருக்காங்க. அண்ணன் மக கொண்டாந்த பேப்பர் அத்தனையும் பெரட்டிட்டேன், கவுன்ட்டர்ல நிக்கிறவங்கள யாரும் எண்ணல. கஸ்டமர் முக்கா மணி நேரம் கேக்குற பாட்ட அவங்க நாள் பூரா கேக்குறாங்க.

எப்படி இருக்கும்னு சொல்றேன். எங்க கடையில ஒரு பென்டிரைவ், அதுல அறுபது எழுபது பாட்டு. காலையில ஷட்டர் தூக்குனதும் சாம்பிராணி போட்டு சாமி பாட்டு, முதல் போணி ஆகுற வரைக்கும் அதான், அது மனசுக்கு நல்லாவே இருக்கும். அதுக்கப்புறம் பென்டிரைவ் சுத்த ஆரம்பிச்சிரும். எங்களுக்குக் கடிகாரமே வேணாம், இந்தப் பாட்டு ரெண்டாவது தடவை வந்தா சாப்பாட்டுக்கு முதல் பந்தி போற நேரம், அந்தப் பாட்டு மூணாவது தடவை வந்தா டீ. நல்ல பாட்டுங்கதான் எல்லாமே, ஸ்கூல் படிக்கும்போது நான் உசிரா இருந்த பாட்டுங்க. கோடை பண்பலை 100.5ல அந்தப் பாட்டு வராதான்னு ரேடியோ பெட்டி பக்கத்துலயே உக்காந்திருப்பேன், அப்பா டீக்கடையில கேட்டுட்டு வந்து "உன் பாட்டு இப்பத்தான் போச்சு"ன்னு சொன்னா அழுகையே வந்துரும். கடையில சேர்ந்து ஆறு மாசத்துல அந்தப் பாட்டு வந்தா எனக்கு வயித்தப் பெரட்டுச்சு. ஒரு பாட்ட அப்படி என்கிட்ட இருந்து எடுத்துட்டாங்க, அது இன்னும் திரும்பி வரல.

தொண்டை வேற. எத்தியேன் லொம்பார்னு ஒரு பிரெஞ்சு டாக்டர் 1911லயே எழுதி வச்சிருக்காரு, சுத்தி சத்தம் இருந்தா மனுஷன் தன்னையறியாமக் குரலை உசத்திருவான்னு. கடையில இதான் நடக்கும். பாட்டுக்கு மேல கஸ்டமர் பேசுவாங்க, அதுக்கு மேல நாங்க பேசுவோம், நாங்க பேசுறதுக்கு மேல பக்கத்து கவுன்ட்டர் பேசும், கூட்டம் பேசுறதுல பாட்டு கேக்கலன்னு மேனேஜர் ஆள் விட்டு இன்னும் ரெண்டு திருகு ஏத்துவாரு. தீபாவளி முடிஞ்சா எங்கள்ல பாதிப் பேருக்குக் குரலே இருக்காது. ராத்திரி பத்து மணிக்குப் பஸ்ல உக்காந்தா காதுல "ங்ங்"னு ஒரு சத்தம் மட்டும் ஓடிக்கிட்டே இருக்கும், வீட்டுல பிள்ளைங்க பேசுனா எரிஞ்சு விழுவேன். பக்கத்து ஃப்ரிட்ஜ் சத்தம்கூட அன்னைக்கு ஆகாது.

அமெரிக்காவுல தொழிலாளர் பாதுகாப்புக்கு நையோஷ்னு ஒரு அரசு ஆராய்ச்சி நிறுவனம் இருக்கு. அவங்க கணக்குல 85 டெசிபல் சத்தத்துல 8 மணி நேரம் வரைக்கும் வேலை பாக்கலாம், அதுக்கு மேல ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகணும், 88னா 4 மணி நேரம், 91னா 2 மணி நேரம். நம்ம ஊர்ல 2000ல வந்த ஒலி மாசு விதியில கடைத்தெருவுக்குப் பகல்ல 65 டெசிபல்தான். அது தெருவுக்கு. கடைக்குள்ள கவுன்ட்டருக்குப் பின்னாடி யாரு மீட்டர் வச்சுப் பாக்கப் போறா. நான் இருந்த அஞ்சு வருசத்துல யாரும் வரல.

ஆண்டிபட்டிக்காரப் பிள்ளையப் பத்திச் சொல்லணும். சுடிதார் மெட்டீரியல் செக்‌ஷன்ல என் கூட இருந்தா, 19 வயசு, கடை ஹாஸ்டல்ல தங்கியிருந்தா, எங்க கண்ணு எரிஞ்சு நிக்கிற நேரத்துலயும் பாட்டுக்கு மெல்லமாத் தலையாட்டிக்கிட்டே பீஸ் மடிப்பா. எங்க போனெல்லாம் லாக்கர்ல இருக்கும், வீட்டுல இருந்து அவசரம்னா ஆபீசுக்குத்தான் கூப்பிடணும். ஒரு நா மத்தியானம் பாட்டு ஓடிக்கிட்டு இருக்கும்போதே சத்தம் குறைஞ்சு, மைக்ல அவ பேரச் சொல்லி ஆபீசுக்கு வரச் சொன்னாங்க, சொல்லி முடிச்சதும் பாட்டு விட்ட எடத்துல இருந்து திரும்பப் பெருசாச்சு. அவங்க அப்பா தவறிட்டாரு. வயக்காட்டுலயே.

கருமாதி முடிஞ்சு பதினெட்டாம் நாள் வேலைக்கு வந்துட்டா, வராம என்ன செய்வா, பின்னாடி ரெண்டு தம்பி. அன்னைக்குப் பதினொன்னரைக்கு, மைக்ல அவ பேரச் சொன்னப்ப ஓடுன அந்தப் பாட்டு வந்துச்சு. கையில எடுத்த பீஸ அப்படியே போட்டுட்டு குடோனுக்குள்ள போயிட்டா. பாட்டு முடிஞ்சு வந்தா. மத்தியானம் மறுபடி. சாயங்காலம் மறுபடி. ஒரு நாளைக்கு மூணு தடவை, சில நாள் நாலு. ரெண்டாவது வாரம் சூப்பர்வைசர் வஞ்சாரு, கவுன்ட்டர விட்டுட்டு எங்கத்தா அடிக்கடி போறன்னு. அவ ஒன்னும் சொல்லல. நான் போய்ச் சொன்னேன், அண்ணே, அந்த ஒரு பாட்ட மட்டும் எடுத்துருங்கண்ணே. அவரு கெட்ட மனுஷன் இல்ல, கேட்டுட்டு, பாட்டெல்லாம் மேல முடிவு பண்றது, நம்ம கையில இல்லன்னாரு. அப்புறம் நான் எலக்ட்ரீசியன் அண்ணன்கிட்டப் போனேன். ஆம்ப்ளிஃபயர் ரூம் சாவி அவருகிட்டதான் இருக்கும். அவரு எந்தப் பாட்டுன்னு மட்டும் கேட்டாரு, ஏன்னு கேக்கல. மறுநாள்ல இருந்து அது வரல.

அறுபது எழுபது பாட்டுல ஒன்னு போச்சு. கஸ்டமர் யாரும் கேக்கல, மேனேஜர் கண்டுபிடிக்கல, வியாபாரம் ஒரு ரூவா குறையல. ஆண்டிபட்டிக்காரப் பிள்ளைக்கும் நாங்க சொல்லல, நாலஞ்சு நாள் கழிச்சு அவளாத்தான் "அக்கா, அந்தப் பாட்டு இப்ப வர்றதில்லையாக்கா"ன்னு மெதுவாக் கேட்டா. ஆமான்னேன். திரும்ப அவ தலையாட்டி மடிக்கிறதப் பாக்க மூணு மாசம் ஆச்சு.

2021ல தமிழ்நாட்டுல கடைகள் நிறுவனங்கள் சட்டத்தத் திருத்தி வேலை பாக்குறவங்களுக்கு உக்கார இருக்கை குடுக்கணும்னு கொண்டாந்தாங்க. அந்தச் செய்தியப் படிச்ச அன்னைக்கு நான் நெஜமாவே அழுதேன், எங்க காலத்துல சுவத்துல சாஞ்சாலே திட்டு விழும். இப்ப கடைகளுக்குப் போனா முதல்ல கவுன்ட்டருக்குப் பின்னாடி ஸ்டூல் இருக்கான்னுதான் என் கண்ணு போகும், சில கடையில இருக்கு. காலுக்குச் சட்டம் வந்த மாதிரி காதுக்கும் ஒன்னு வரணும். பெருசா ஒன்னும் வேணாம். இசையவே சரக்கா வித்த ம்யூசாக் கம்பெனி, அமெரிக்காவுல 1934ல ஆரம்பிச்சது, ஃபேக்டரிக்கும் ஆபீசுக்கும் பாட்டு அனுப்பும்போது கால் மணி நேரம் இசை, அப்புறம் கால் மணி நேரம் ஒன்னுமில்லன்னு வச்சிருந்தாங்க. பாட்டு வித்துப் பொழைச்சவங்களுக்கே காதுக்கு ஓய்வு வேணும்னு தெரிஞ்சிருக்கு. இங்கிலாந்துல மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் 2016ல கடைகள்ல பாட்டையே நிறுத்திட்டாங்க, வாங்க வர்றவங்களையும் வேலை பாக்குறவங்களையும் கேட்டுட்டுத்தான் செஞ்சோம்னு சொன்னாங்க. அந்த 'வேலை பாக்குறவங்களையும்'ங்கிறத நான் ரெண்டு தடவை படிச்சேன்.

பாட்டே வேணாம்னு நான் சொல்லல. நான் மதுரைக்காரி, பாட்டில்லாத தெரு எனக்குத் தெருவாவே தெரியாது. சாயங்காலம் பரோட்டாக் கடையில கொத்துற சத்தம் தூரத்துல வந்தாலே பசிக்கும், அதையும் ஒரு கடைச் சத்தம்னுதான் சொல்லணும், ஆனா அது வேலையில இருந்து வர்ற சத்தம், தோசைக்கல்லு காலியானா அதுவா நின்னுரும்.

இப்ப எனக்குன்னு ஒரு சின்னக் கடை இருக்கு, தையல் சாமான் கடை. நூல்கண்டு, லைனிங், ஃபால்ஸ், ஜிப்பு, கொக்கி. பத்துக்குப் பன்னெண்டுதான். ஒரு ரேடியோ வச்சிருக்கேன், காலையில சாமி பாட்டு, அப்புறம் எஃப்எம். சத்தத்துக்கு நான் வச்சிருக்குற அளவு, கல்லாவுல சில்லறை எண்ணுறது எனக்குக் கேக்கணும். எங்க கடைக்கு வர்றவங்க பிளவுஸ் பிட்டக் கொண்டாந்து "இது மாதிரி இல்லக்கா, ஒரு சொட்டு இருட்டா, கத்திரிப்பூ கலர்ல"ன்னு பேசிப் பேசித்தான் வாங்குவாங்க, அது காதுல விழாம என்ன வியாபாரம் பண்ண. என்கிட்ட வேலைக்கு இருக்குற சமயநல்லூர்ப் பிள்ளைகிட்ட சேர்ந்த அன்னைக்கே சொல்லிட்டேன், ஸ்டேஷன் மாத்துறதும் நிறுத்துறதும் உன் இஷ்டம்னு. அவ தினமும் ரெண்டு மணியில இருந்து நாலு மணி வரைக்கும் நிறுத்திருவா. மொத நாள் ஏன்னு கேக்கலாம்னு வாயெடுத்தேன், கேக்கல. அந்த நேரத்துல மாடியில தையல் மிஷின் ஓடுறது மட்டும் கேக்கும்.

அண்ணன் மக ப்ராஜெக்ட்டுக்கு ஒரு நோட்டுப் போட்டுக் குடுத்தா, பாட்டு ஓடுன நேரம் ஒரு பக்கம், வியாபாரம் ஒரு பக்கம்னு. மூணாவதா ஒரு கோடு நானே போட்டு, நின்ன ஆளு எப்படி இருந்தான்னு எழுத ஆரம்பிச்சிருக்கேன். அதுக்கு மார்க் கிடைக்குமான்னு தெரியலத்தைன்னா. எழுதி வையின்னேன்.

சனிக்கிழமைன்னா அம்மா கடைக்கு வந்துருவாங்க, மிஷின மாட்டிக்கிட்டு கல்லா பக்கத்துல உக்காந்து பட்டன் அட்டைய அடுக்குவாங்க. போன வாரம் மூணு மணி இருக்கும், ரேடியோ நிறுத்தியிருந்துச்சு. நான் பின்னாடி ரேக்ல நூல் எடுத்துக்கிட்டு இருந்தேன். ஒரு டெய்லர் தம்பி வாசல்ல வண்டிய விட்டு இறங்காமலே "பாட்டி, மெரூன்ல லைனிங் கிழிங்க"ன்னு கேட்டுச்சு.

"அரை மீட்டரா, ஒரு மீட்டராப்பா?"ன்னாங்க அம்மா.